குடைப்பிடியால் தட்டுகிறவர்

“மிஸ், மூணு கண்ணு இன்னும் முழிக்கல.”

காலை எட்டே முக்காலுக்கு மாடிப்படி ஏறி வந்ததும் அவர் சொல்லும் முதல் வசனம் அது. கண் என்றால் ஷட்டர். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்தொரு கடைகள். மணிக்கூட்டுக் கோபுரப் பக்கமாகத் தெருவுக்குள் நுழைந்து மறுமுனை வரை நடந்து, திறக்காத ஷட்டர்களை எண்ணிவிட்டுத்தான் சங்க அலுவலகத்துக்கு வருவார். வணக்கம் கிடையாது, சாப்பிட்டீர்களா கிடையாது. திறக்காத கடைகளின் முதலாளிமாருக்கு நான் உடனே தொலைபேசி எடுத்து ஏன் என்று கேட்க வேண்டும்.

ஆறு வருடம் அந்த வேலையைச் செய்தேன். வர்த்தகர் சங்கத்தின் அலுவலக உதவியாளர் என்று என் நியமனக் கடிதத்தில் இருந்தது. தமிழிலும் சிங்களத்திலும் சுற்றறிக்கை தட்டச்சுச் செய்வது, கூட்டக் குறிப்பு எழுதுவது, மாநகர சபைக்குக் கடிதம் கொண்டுபோவது எல்லாம் என் பொறுப்பு. கணவர் கட்டாரில். மகள் சுபா அப்போது பள்ளிக்கூடத்தில். கம்பளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். சங்கத் தலைவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறினார்கள். செயலாளரான அவர் மாறவில்லை. தெருவில் எல்லோரும் அவரைச் செயலாளர் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். பெயரை எழுதக் கை வரவில்லை.

ஒல்லியான மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை. வெயிலோ மழையோ, கையில் மரப்பிடி போட்ட நீளமான கறுப்புக் குடை. அதை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. திறக்காத ஷட்டரை அந்தப் பிடியால் தட்டுவதற்குத்தான் அது. சட்டைப் பையில் எப்போதும் இஞ்சி டொபி மிட்டாய். குரலை உயர்த்தவே மாட்டார். கடைக்காரர் இருவர் நடைபாதைக்காகச் சண்டை பிடித்தால் நடுவில் போய் நின்று ஆளுக்கொரு டொபி நீட்டி, “சத்தம் போடாதீங்க, ரோட்டுல ஆள் போகுது” என்பார். ஆள் என்றால் சாமான் வாங்க வரும் சனம். அது பயந்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடும். சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று அவர் விசாரித்து நான் கண்டதில்லை. சத்தம் நின்றால் அவருக்குப் போதும்.

மணிக்கூடு திருத்தும் கடைக்காரர் இறந்துபோனபோது அவருடைய மகன் மூன்று நாள் கடையைப் பூட்டினான். மூன்றாம் நாள் பகல், செத்த வீட்டுக்குப் போயிருந்தோம். செயலாளர் மகனின் தோளில் கைவைத்து நின்றார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“தம்பி, பின்னேரம் ஒரு அரை மணித்தியாலம் தெறந்து வச்சிருங்க. வெளக்குக் கொளுத்தி வச்சிட்டு மூடிரலாம்.”

“இன்னைக்கா அண்ணே?”

“ஒங்க அப்பா இருந்திருந்தா மூடியிருக்க மாட்டாரு.”

அந்தப் பையன் போய்த் திறந்தான். கண்கள் வீங்கியிருக்க, சட்டைகூட மாற்றாமல், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அந்த அரை மணித்தியாலத்தில் யாரோ ஒரு பெண் வந்து கைக்கடிகாரத்துக்குப் பட்டி மாற்றிக்கொண்டு போனார். “பாத்தீங்களா மிஸ்?” என்று செயலாளர் என்னிடம் சொன்னார். அவர் முகத்தில் இருந்தது பெருமையில்லை, நிம்மதி. காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற தாய்க்கு வருகிற நிம்மதி. அதைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும். சிரித்தேன்.

அவர் தெருவுக்குச் செய்ததைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். கலஹா பக்கத்து பஸ்கள் முன்பெல்லாம் சனத்தைத் தூரத்தில் இறக்கிவிடும். ஒன்றரை வருடம் சபைக்கு நடந்து, தெரு முனையில் ஒரு தரிப்பிடம் வாங்கிக் கொடுத்தார். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் நேராக எங்கள் தெருவில் இறங்கினார்கள். கடைகளுக்கு வியாபாரம் கூடியது. வேலைக்கு ஆள் எடுத்தார்கள். வேலைக்கு வந்த பிள்ளைகளும் அந்த பஸ்ஸிலேயே வந்தார்கள். டீசல் இல்லாத காலத்தில் ஆறு கடைக்கு ஒரு ஜெனரேட்டர் என்று முறை வைத்தவர் அவர்தான். துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பெண்பிள்ளைகளுக்குக் கழிவறை இல்லை என்று நான்தான் அவரிடம் சொன்னேன். இரண்டு மாதத்தில் கடைகளின் பின்பக்கம் இரண்டு கட்டப்பட்டன. அதற்காக மலையடிவாரத்தைக் கொஞ்சம் வெட்டி, ஒரு சுவர் எழுப்பினார்கள். தெருவில் நாற்பத்தொரு கடையும் பிழைத்ததற்கு அவர் காரணம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் மறுக்க மாட்டேன்.

தட்டும் முறை ஊரடங்கு நாட்களில் வந்தது. நோய்க்காக எல்லாம் மூடச் சொன்ன காலம். சனத்துக்குப் பால்மா வேண்டும், மருந்து வேண்டும், அரிசி வேண்டும். செயலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். குடைப்பிடியால் ஷட்டரில் ஒரு தட்டு என்றால் பாதி இறக்கி வை. குனிந்து உள்ளே வருகிறவர்களுக்குச் சாமான் கொடு. இரண்டு தட்டு என்றால் பொலிஸ் வருகிறது. முழுக்க இறக்கு, விளக்கை அணை, மூச்சுவிடாதே, யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதே. மூன்று தட்டு என்றால் போய்விட்டார்கள், திற.

ஜீப் வந்து நின்று அதிகாரி கேட்டால், செயலாளர் தெரு நடுவில் நின்று சொல்வார்: “ஒக்கோம வஹலா, சேர். கவுருத் நே.” எல்லாம் மூடியாச்சு, ஒருவரும் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சோகம்கூட இருக்கும். பாவம் இந்த மனிதர், தெருவே செத்துக் கிடக்கிறதே என்று அதிகாரி இரக்கப்பட்டுப் போய்விடுவார். பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து போய் என் மகளுக்கு மூச்சுத் திணறலுக்கான மருந்து வாங்கியவள் நான். அப்போது அந்தக் குடைக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நோய்க்காலம் முடிந்த பிறகும் அந்தத் தட்டுகள் முடியவில்லை. அளவை நிறுவை பார்க்க அதிகாரிகள் வந்தாலும் இரண்டு தட்டு, வேலையாட்களின் நேரத்தைப் பார்க்க வந்தாலும் இரண்டு தட்டு, ஹர்த்தால் என்று கூட்டமாக வந்தாலும் இரண்டு தட்டு. புதிதாகக் கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கு விலை சொல்லிக் கொடுக்க முன்பு தட்டு சொல்லிக் கொடுத்தார்கள்.

சுபா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தபோது, “பிள்ளைய சும்மா வச்சிருக்காதீங்க மிஸ்” என்று சொல்லி, ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் பெரிய துணிக்கடையில் சேர்த்துவிட்டவர் அவர். எங்கள் அலுவலகத்துக்கு நேர் எதிரே இருந்த கடை. மாடி ஜன்னலால் பார்த்தால் அவள் சேலை விரிப்பது தெரியும். அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? பதற்றக்காரி நான். பிள்ளை கண்ணில் படும் தூரத்தில் இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அவளுக்கு அவரைக் கண்டால் சிரிப்பு. வீட்டில் குளியலறைக் கதவை மூன்று தரம் தட்டி, குரலைத் தாழ்த்தி, “மிஸ், ஒரு கண்ணு இன்னும் முழிக்கல” என்பாள். நான் தொலைபேசியில் அவளுடைய சித்தியோடு நீளமாகக் கதைத்தால் மேசையில் இரண்டு தட்டு.

“அடியே, பெரிய மனுசன நக்கல் பண்ணாத.”

“நக்கல் இல்லம்மா, டிரெய்னிங். நஸீர் நானா சொல்றாரு, ரெண்டு தட்டுக்கு நான்தான் கடையிலேயே பெஸ்ட்டாம். சுவிச்சுக்கு ஓடுறதுல என்னைய யாரும் அடிக்க ஏலாதாம்.”

நஸீர் நானா அந்தக் கடையில் முப்பது வருடமாகத் துணி அளந்து வெட்டுகிறவர். அவளை மகள் என்றுதான் கூப்பிடுவார்.

கழிவறைக்காக எழுப்பிய அந்தப் பின்பக்கச் சுவரில் வெடிப்பு இருப்பதாக ஒரு பொறியியலாளர் கடிதம் எழுதியிருந்தார். மழைக்காலத்துக்கு முன் துணிக்கடை உட்பட மலையை ஒட்டிய கடைகளை மூடிப் பரிசோதிக்க வேண்டும் என்று இரண்டு பக்கம். செயலாளர் அதை வாசித்தார். ‘மூடி’ என்ற சொல் வந்த இடத்தில் அவருடைய விரல் நின்றதைப் பார்த்தேன்.

“தீபாவளி முடியட்டும் மிஸ். அப்புறம் கிறிஸ்மஸ் இருக்கு. பொங்கலுக்குப் பொறகு பாப்போம்.”

அவசரமில்லாதவை என்று ஒரு கோப்பு வைத்திருந்தோம். கடிதத்தைத் துளையிட்டு அதில் போட்டது நான்.

அந்த வாரம் மழை விடவேயில்லை. மலையிலிருந்து காவி நிறத்தில் தண்ணீர் இறங்கியது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். மண்சரிவு எச்சரிக்கை என்று வானொலியில் ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டே இருந்தார்கள். மாலை ஐந்து மணிக்குச் செயலாளர் என் மேசைக்கு வந்தார்.

“குரூப்புக்குப் போடுங்க மிஸ். நாளைக்கு ஒரு தட்டு.”

“மழை இப்படிப் பேயுதே. ஒரு நாளைக்கு மூடினா என்ன?”

“ஒரு நாள் மூடினா சனம் வேற தெருவுக்குப் பழகிரும். பழகினா திரும்பாது.” டொபி ஒன்றை என் மேசையில் வைத்தார். “போடுங்க.”

போட்டேன். ‘நாளை ஒரு தட்டு. அனைவரும் சமுகமளிக்கவும்.’ சுற்றறிக்கைத் தமிழில், புள்ளி பிசகாமல்.

மறுநாள் விடிந்ததும் சுபாவைப் போகவேண்டாம் என்றேன். தலைமுடியைப் பின்னிக்கொண்டே கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அம்மா, இது யாரு நம்பரு? நீங்களே வரச் சொல்லி மெசேஜ் போடுவீங்க, நீங்களே போகாதன்னு சொல்வீங்க. முதலாளி என்னைய என்னான்னு கேப்பாரு?”

ஒரே பஸ்ஸில் போனோம். பேராதனைப் பாலத்தைக் கடக்கும்போது கீழே ஆற்றைப் பார்த்து, “கழுவாத அரிசித் தண்ணி மாதிரி இருக்கு” என்றாள். எனக்கு அவளுடைய கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிள்ளை வளர்ந்துவிட்டாள், பஸ்ஸில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

பதினொரு மணியிருக்கும். மேல்வீதியில் மண் சரிகிறது, பொலிஸும் சபைக்காரர்களும் தெருத் தெருவாக வந்து ஆட்களை வெளியேற்றுகிறார்கள் என்று செய்தி வந்தது. செயலாளர் எழும்பினார். “மிஸ், கொப்பிய எடுத்துட்டு வாங்க. எழுதச் சொன்னா எழுதிக்குடுக்கணும்.”

கொட்டுகிற மழையிலும் அவர் குடையை விரிக்கவில்லை. விரித்தால் தட்ட முடியாது. சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, ஜீப் முனையில் திரும்புவதற்குள் ஓட்டமும் நடையுமாகக் கடைகடையாக இரண்டு தட்டு. அவருக்குப் பின்னால் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. துணிக்கடை ஷட்டர் இறங்கும்போது அடியில் சுபாவின் செருப்புக் காலைக் கண்டேன். பிறகு அதுவும் மறைந்தது.

ஜீப்பிலிருந்து ஒரு இளம் அதிகாரி இறங்கினார். இந்தமுறை அவர் அபராதம் எழுத வரவில்லை. முகம் வெளிறியிருந்தது. பின்பக்க மலை வெடித்துவிட்டது, எந்த நேரமும் வரும், உள்ளே இருப்பவர்கள் வெளியே வாருங்கள் என்று சிங்களத்தில் கத்தினார். கையிலிருந்த தடியால் ஷட்டர்களைத் தட்டினார். துணிக்கடை ஷட்டரையும் தட்டினார்.

இரண்டு தட்டு.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எங்கள் பிள்ளைகள் அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தார்கள்.

அதிகாரி செயலாளரைப் பார்த்துக் கேட்டார். உள்ளே யாராவது இருக்கிறார்களா?

“ஒக்கோம வஹலா, சேர். கவுருத் நே.”

அதே குரல், அதே சோகம். மலை வெடித்துவிட்டது என்று அதிகாரி கத்தியதை அவரும் கேட்டார். ஆனால் இத்தனை வருடமாக அந்தக் கேள்விக்கு அவர் வாயில் இருந்தது அந்த ஒரு பதில்தான். ஆட்கள் உள்ளே பிடிபட்டால் கடைகளுக்குச் சீல் வைப்பார்கள், எத்தனை நாளைக்கு என்று தெரியாது. ஜீப் போன அடுத்த நிமிடமே மூன்று தட்டுத் தட்டி எல்லோரையும் வெளியே எடுத்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். எனக்கு அது எப்படித் தெரியும்? நானும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு நின்றேன்.

எனக்கு வாய் இருந்தது. சிங்களம் தெரியும். அதிகாரி என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றார். ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும்? கையில் கொப்பியோடு, சங்கத்து உதவியாளராக, என் மகளுக்கு முன்னால் பேசாமல் நின்றேன். ஜீப் அடுத்த தெருவுக்குத் திரும்பியது.

அவர் முதல் கடையில் மூன்று தட்டினார். ஷட்டர் எழும்பியது. இரண்டாம் கடை. எழும்பியது. துணிக்கடைக்கு முன்னால் போய்க் குடையை ஓங்கும்போது பின்னால் மலை வந்தது. பெரிய இடிச்சத்தமெல்லாம் இல்லை. கனமான மூட்டையொன்றை யாரோ தரையில் போட்டதுபோல் இருந்தது. ஷட்டர் எங்கள் பக்கம் வயிறு தள்ளி வளைந்தது. அடியால் சேறு வழிந்தது.

நான் சுபாவின் பெயரைக் கத்தினேன். எத்தனை தரம் என்று தெரியாது. அவர் வளைந்த தகட்டில் மூன்று தட்டினார். திரும்பவும் மூன்று. ஷட்டர் அசையவில்லை. அப்போது என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“சத்தம் போடாதீங்க மிஸ்.”

அவர் கழுத்தைப் பிடிக்கப் போனேன். அவர் காதைத் தகட்டில் வைத்திருந்தார். நான் நின்றேன். மழைச் சத்தத்துக்கு அடியில், உள்ளே எங்கோ, மரத்தால் எதையோ தட்டுகிற சத்தம். மூன்று. இடைவெளி. மூன்று.

துணி அளக்கும் கோலால் என் மகள் தட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு தடவை அவர் சொன்னது சரியாக இருந்தது. நான் கத்திக்கொண்டே இருந்திருந்தால் கேட்டிருக்காது. அதற்காகவும் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒருவரும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனவர்களைத் தேடித் திரும்பக் கொண்டுவர நேரம் எடுத்தது. அதுவரை இரும்புக்கடைக்காரர்கள்தான் தகட்டை வெட்டினார்கள். உள்ளே நான்கு பேர்: சுபா, நஸீர் நானா, கலஹாவிலிருந்து வருகிற இரண்டு பிள்ளைகள். நான்கு பேரும் உயிரோடு வந்தார்கள். சேலை அலுமாரி விழுந்து சுபாவின் வலது கால் நசுங்கியிருந்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது கோலை விடமாட்டேன் என்றாள். இரண்டு பேர் சேர்ந்து விரல்களைப் பிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில், தோளில் கட்டோடு பக்கத்துக் கட்டிலருகே உட்கார்ந்திருந்த நஸீர் நானாவிடம் கேட்டேன். பொலிஸ் கத்தியது உங்களுக்குக் கேட்கவில்லையா?

“கேட்டிச்சி தங்கச்சி. மலை வருதுன்னு சொன்னதும் கேட்டிச்சி. சின்னப் புள்ள ஒண்டு ‘நானா, போவமா’ண்டு கேட்டிச்சி. நாந்தான் வாயப் பொத்தினேன்.” கொஞ்சநேரம் தன் கையைப் பார்த்தார். “ரெண்டு தட்டு தட்டிட்டாங்களே. நாங்க என்னத்தச் செய்ற?”

ஒரு வாரம் கழித்துச் செயலாளர் தொலைபேசி எடுத்தார். சுபாவின் காலைக் கேட்டார். இரண்டாவது சத்திரசிகிச்சை என்றேன். “கடவுள் இருக்காரு” என்றார். பிறகு விசயத்துக்கு வந்தார். விசாரணை நடக்கப்போகிறது. சங்கக் கூட்டக் குறிப்பில் ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். எச்சரிக்கை கிடைத்ததும் எல்லாக் கடைகளும் மூடப்பட்டன. துணிக்கடையில் நான்கு பேர் சாமான் தூக்கி வைக்க யாருக்கும் சொல்லாமல் தாங்களாகவே உள்ளே போனார்கள். குறிப்பு எழுதுகிறவள் நான் என்பதால் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டும்.

“தாங்களாவா?”

“ஒரு பேச்சுக்குத்தான் மிஸ். சங்கம் மூடச் சொல்லலன்னு எழுதினா நாப்பத்தொரு கடைக்கும் சீல். அதுல வேல செய்ற புள்ளைங்க எல்லாம் ஒங்க பிள்ள மாதிரிதானே? தெரு எழும்பணும். நீங்க போட்ட மெசேஜையும் அவங்க கேப்பாங்க, யோசிச்சுக்கோங்க.”

மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்காகவும் கவலைப்பட்டார். அவருடைய பயங்கரமே அதுதான்.

சுபாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். காலில் இரும்பு. பகலிலும் அறைக் கதவைச் சாத்த விடமாட்டாள். பழைய வாய் குறைந்துவிட்டது. ஒருநாள் தபால்காரர் வந்து கதவை இரண்டு தரம் தட்டியபோதுதான் எனக்குத் தெரிய வந்தது. கட்டிலிலிருந்தே கையை எட்டி விளக்கை அணைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். தபால்காரர் போன பிறகும் வெகுநேரம் விளக்கைப் போடவில்லை. “என்னம்மா?” என்று கேட்டேன். “தெரியல, கை தானாப் போகுது” என்றாள்.

விசாரணைக்கு நான் திங்கட்கிழமை போகவேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் செயலாளர் கம்பளைக்கே வந்துவிட்டார். மழை இருட்டாக இருந்ததால் முன்னறையில் விளக்குப் போட்டு, சுபாவின் தலைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம். பிறகு கதவில் மரப்பிடி.

ஒன்று. இரண்டு.

யார் வீட்டுக்குப் போனாலும் மனிதர் தட்டுகிற மாதிரித்தான் தட்டினார். அவர் மனதில் ஒன்றுமே இருந்திருக்காது. சுபாவின் கை சுவிச்சுக்குப் போனது. விளக்கு அணைந்தது. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய மூச்சு நின்றது. என்னுடையதும் நின்றது.

அவர் காத்திருந்தார். “மிஸ்?” என்று ஒருதரம் கூப்பிட்டார். நாங்கள் பேசவில்லை. பிறகு ஆட்டோக்காரரைப் பார்த்துச் சிங்களத்தில் சொல்வது கதவுக்கு வெளியே தெளிவாகக் கேட்டது.

“கவுருத் நே.”

என் மகள் உயிரோடு என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே அந்த மனிதர் ஒருவரும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு எழும்பினேன். கதவை அகலத் திறந்தேன். அவர் ஆட்டோவில் ஒரு காலை வைத்திருந்தார். கையில் தோடம்பழப் பை, கக்கத்தில் குடை, நெகிழி உறைக்குள் நனையாமல் ஒரு தாள்.

“உள்ள ஆள் இருக்கு” என்றேன்.

“அட, இருக்கீங்களா மிஸ்…”

“உள்ள ஆள் இருக்கு. அன்னைக்கும் இருந்தாங்க. நாலு பேர் இருந்தாங்க. ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திங்கக்கிழம போய் ரெண்டு பேருக்கும் தெரியும்னு சொல்லுவேன். நான் போட்ட மெசேஜையும் காட்டுவேன்.” என் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. குடையோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்றார்கள்.

அவர் அவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இலவசமாகப் புத்தி சொல்கிற அந்தத் தாழ்ந்த குரலில், கை சட்டைப் பைக்கு டொபி தேடிப் போக, சொன்னார்:

“சத்தம் போடாதீங்க மிஸ். ரோட்டுல ஆள் போகுது.”

எனக்குப் பின்னால் சுவிச்சு சொடுக்கிற சத்தம் கேட்டது. விளக்கு வெளிச்சம் என் தோளுக்கு மேலால் வாசல் வரை போய், அவருடைய நனைந்த செருப்பில் விழுந்தது.